இருநூறு மில்லி விதி

ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம், மழை இல்லை. அமீர்பேட்டில் மெட்ரோ மாறுவதற்குள் குர்த்தா தொப்பலாக நனைந்தது, வியர்வையில்.

வியாழன் கூட்டத்தில் பேச வேண்டும். விஷயம்: ஐ.சி.யு.வில் பழக்கத்தை விட்டு ஆதாரத்தைப் பார்ப்பது. ஒரு கேள்விக்கு நடந்த எல்லா ஆய்வுகளையும் தேடி, சலித்து, சேர்த்துப் பார்க்கும் தொகுப்பாய்வுகளை வார்டில் எப்படிப் பயன்படுத்துவது. உதாரணம், எங்கள் துறைத்தலைவர் ஹெட் சார் எல்லா நோயாளிக்கும் தினமும் எடுக்கச் சொல்லும் மார்பு எக்ஸ்ரே. ரொம்ப நாளாகக் குறி வைத்திருக்கிறேன். அல்பத்தனம்தான், ஆனால் இனிக்கிறது.

வாங்க: காபித்தூள், சார்ஜர், அம்மாவின் பி.பி. மாத்திரை.

நான்காம் படுக்கை: சைனிக்புரிக்காரர், ஓய்வுபெற்ற சுபேதார். நிமோனியா, வென்டிலேட்டரில் ஆறாம் நாள். மனைவி விசாலம் அம்மா, செகந்திராபாத்தில் நாலு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம், பேச்சில் ஊர் உருது கலக்கும். பார்க்க விடும் நேரத்தில் எப்போதும் ஒரே கேள்வி, "சாப்பாடு போச்சா டாக்டரம்மா?" குழாய் வழி உணவு இன்றும் பாதியில் நிறுத்தம் என்றேன்.

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. கைக்கு நிறுத்துறீங்க, எதுக்கு? பசியோட கிடக்கறாரு மனுசன்."

விதி என்றேன்.

ஜூன் 11, புதன்

தூறல். எக்ஸ்ரே ஸ்லைடுகளை சிஸ்டர் மேரியிடம் காட்டினேன். நாகர்கோவில்காரர், பேச்சில் பூசி மெழுகுவது கிடையாது.

"நல்லா இருக்கு மேடம். அப்போ நம்ம டியூப் விதிக்கு என்ன ஆதாரம்?"

அந்த விதி: நாலு மணிக்கொரு தடவை மூக்குக் குழாயில் சிரிஞ்சு வைத்து, வயிற்றில் மிச்சமிருப்பதை உறிஞ்சி அளக்க வேண்டும். இருநூறு மில்லியைத் தாண்டினால் உணவை நிறுத்த வேண்டும். வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும் என்ற பயம். எட்டு வருடம் முன்பு நான்தான் எழுதினேன். பயிற்சி பெற்ற இடத்தில் அப்படிச் செய்தார்கள், நானும் செய்தேன்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்து தேடினேன். தொகுப்பாய்வுகள் இருக்கின்றன. தினமும் இப்படி அளப்பதால் நிமோனியா குறைவதாகத் தெரியவில்லை. உள்ளே போகும் உணவுதான் குறைகிறது. இவை நேற்று வந்தவையும் அல்ல. ஊரில் உள்ள பழக்கத்துக்கெல்லாம் ஆதாரம் கேட்கிறவள், என் விதியை மட்டும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

எக்ஸ்ரே ஸ்லைடுகளை எடுத்துவிட்டு என் விதியைப் போட்டேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஹெட் சார் நல்ல மனிதர், என்னைக் காப்பாற்றத்தான் பேசினார்: எட்டு வருடமாக ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையே. பின்வரிசையிலிருந்து மேரி, தன் அரைகுறைத் தெலுங்கில்: கணக்கெடுத்துப் பார்த்தால்தானே சார் தெரியும்.

முடிவு: வழக்கமாக அளப்பது நிறுத்தம். வாந்தி, வயிறு உப்பல் இருந்தால் மட்டும் பார்ப்பது. நான்காம் படுக்கைக்கு மாலையிலிருந்து தடையில்லாமல் உணவு.

எக்ஸ்ரே அடுத்த மாதம். அதையும் விடுவதாக இல்லை.

ஜூன் 13, வெள்ளி

நல்ல மழை. சுபேதாருக்கு முழு அளவு போயிருக்கிறது, வாந்தி இல்லை. வென்டிலேட்டர் இன்னும் எடுக்கவில்லை.

விசாலம் அம்மாவிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஹெட் சாரும் வேண்டாம் என்றார். மனசு கேட்கவில்லை. வெயிட்டிங் ஹாலில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, அந்த நிறுத்தற விதி நான் போட்டது. தேவையே இல்லாம அவரை நாலு நாள் அரைப்பட்டினி போட்டுட்டேன். மன்னிச்சிடுங்க."

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"இப்போ போகுதா?"

"முழுசா போகுதும்மா."

"ஹவ், சரி." ஐ.சி.யு.வின் கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். கோபமே இல்லாமல் கேட்டார்.

"இவருக்கு முன்னாடி அந்த பெட்ல இருந்தவங்க வீட்டுக்கெல்லாம் யாரும்மா போய் சொல்லுவாங்க?"