கப்பலுக்கு வேற பாட்டு

9.2.2025
கப்பல்

அன்பு மச்சான் அன்புமணிக்கு,

பகலவன் எழுதிக்கிறது. நான் நல்லா கீறேன், நீ எப்டி கீற? கப்பல்ல நெட்டு பேஜாரு. அதான் பேப்பர்ல எழுதி, துறைமுகம் வந்ததும் போட்டோ புடிச்சி அனுப்புறேன்.

நேத்து பசிபிக் கடல்ல ஒரு தீவுல நிறுத்தினாங்க. ரோடு இல்ல, கரண்ட் இல்ல, மரப்பட்டை கட்டிக்கினு ஆதிகாலம் மாதிரியே வாழ்றாங்கன்னு சொல்லித்தான் கப்பல் கம்பெனிக்காரன் டூரு டிக்கெட் விக்கிறான். எனக்கு துணி தோய்க்கிற வேலைதான். ஆனா கரையில எறங்கினா பயணிங்களுக்கு ஈரத்துண்டும் ஜில் தண்ணியும் நான்தான் தூக்கினு போவணும். ஏன்டா போனோம்னு ஆயிடுச்சி.

ஒரு குடிசையில சாவு. பாயில ஒருத்தன் கெடக்குறான், மூஞ்சி மேல இலை. சுத்தி பொம்பளைங்க மாரடிச்சிப் பாடுறாங்க. ஒருத்தி பொணத்தாண்ட குனிஞ்சி செல்ஃபி எடுக்குறா. ஒரு பெருசுக்கு கேமராவுல சார்ஜ் பூடுச்சாம், பேட்டரி மாத்திக்கினு, ‘இன்னொரு தபா அழச் சொல்லு’ன்றான் கைடாண்ட. அவங்களும் மறுபடி அழுதாங்க மச்சான்! சீ, இன்னா ஜென்மங்க! மரத்துக்குப் பின்னாடி போயி வாந்தி எடுத்தேன்.

நைனாவுக்கு இருமல் எப்டி கீது? ஹார்பர்ல மூட்டை தூக்கின நெஞ்சு, பயமா கீது. எதுனா ஒண்ணு ஆச்சின்னா இவ்ளோ தூரத்துலர்ந்து என்னால ஓடியார முடியாது. நீதான் சாவு கானா பாடணும். ‘அன்புமணி வாயால என் பேரு போனா போதும்’னு அவுரே சொல்லிக்கீறாரு. பாட்டுல செத்தவங்க பேரு வைக்கிற அடிய, பொணத்தத் தூக்குறதுக்கு முன்னாடி ஒரே தபாதான் பாடுவ. திரும்பப் பாடினா போறவங்களக் கூப்டுற மாதிரின்னு சாவு வூட்லயே சண்டை போடுவியே, அந்த ரோஷம்தான் அவுருக்குப் புடிக்கும்.

உன் தோஸ்து,
பகலவன்

1.3.2025
புளியந்தோப்பு

மாமு பகலவா,

உன் கையெழுத்தப் படிக்கிறதுக்குள்ள தாவு தீந்துடுச்சி. நைனா இருமிக்கினேதான் கீறாரு, ஆனா டீக்கடைக்கு நடந்து போயி எல்லாத்தையும் வம்புக்கு இழுக்குறாரு. மாத்திரைய மறைச்சி வச்சி உங்க ரமாபாய் அக்காவாண்ட மாட்டிக்கினாரு.

இங்க ஒரு விசேஷம். நிதிஷ்னு ஒருத்தன், வெளிநாட்டு ஆளுங்கள நம்ம ஏரியாவுல சுத்திக் காட்டுறான். வடசென்னை கல்ச்சராம்! என்னப் பாடக் கூப்டுறான். ஜீன்ஸ் போட்டுக்கினு போனா, ‘லுங்கி கட்டிக்கினு வாண்ணா’ன்றான். தமாஷா கீது.

ஆனா ஒண்ணு மாமு. சாவுக்குப் பாடுறவன்னு என்ன ஒரு நல்ல காரியத்துக்கும் வூட்டுக்குள்ள சேக்காதவங்க எத்தினி பேரு? இவங்க என் கையப் புடிச்சி கண்ணுல ஒத்திக்கிறாங்க. உனக்கு ஏன் வாந்தி வருதுன்னுதான் புரியல. உடம்பப் பாத்துக்கோ.

அன்புமணி

6.4.2025
கப்பல்

மச்சான்,

மறுபடியும் அதே தீவு. அதே குடிசை. அதே பொணம்!

பயணிங்க நகந்ததும் பொணம் எழுந்து உக்காந்து என்னாண்ட ஜில் தண்ணி கேட்டுச்சி. மரப்பட்டைய அவுத்துட்டு டவுசர் மாட்டிக்கினான். கொஞ்சம் இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளு. சிரிச்சிக்கினே சொன்னான்: ‘இது கப்பலுக்குப் பாடுற பாட்டு. எங்க சாவுக்கு வேற பாட்டு கீது, அத எவனுக்கும் குடுக்க மாட்டோம். நெசமாவே யாராவது செத்தா, கரையில தென்னங்கீத்தக் குறுக்க கட்டிடுவோம். அன்னிக்கு ஒரு போட்டும் எறங்கக் கூடாது.’

பயணிங்களப் பத்தி கேக்காத. பொணத்துக்கு வேர்க்குதுன்னு ஒருத்தன் கம்ப்ளெயிண்ட் குடுத்துக்கீறான். கலீஜ் புடிச்சவனுங்க.

மச்சான், நிதிஷ் ஆளுங்களுக்கு லவ் பாட்டு பாடு, கிண்டல் பாட்டு பாடு, இன்னா வோணா பாடு. சாவுப் பாட்ட மட்டும் குடுக்காத. லுங்கி கட்டச் சொன்னவன் நாளைக்கி பொணத்தக் கேப்பான். உன் கால்ல வுழுந்து கேக்குறேன்.

பகலவன்

19.5.2025
புளியந்தோப்பு

பகலவா,

அக்கா போன்ல சொல்லியிருக்கும். நைனா போயிட்டாரு. நீ இல்லாத கொறைய நான் வைக்கல, மனச தேத்திக்கோ. விடிய விடியப் பாடினேன், தொண்டை கட்டிக்கிச்சி.

உன் கடுதாசிய மறக்கல. ஆனா இது வேற மாமு. நிதிஷ் ஆளுங்க மாலையோட வந்தாங்க. வெள்ளக்காரங்க நம்ம ஹவுசிங் போர்டு மாடி ஏறி வந்து நைனா காலத் தொட்டுக் கும்பிட்டாங்க. மூட்டை தூக்கின மனுசனுக்கு இந்த மரியாதை யாரு குடுப்பாங்க சொல்லு?

அவங்க வண்டி கல்மண்டபத்துல கண்டெய்னர் லாரிங்க நடுவுல மாட்டிக்கிச்சி. வர்றதுக்குள்ள பேரு வச்சிப் பாடி முடிச்சி, தூக்கி வூட்டு வாசலாண்ட வந்துட்டோம். பாவம், இவ்ளோ தூரம் வந்தவங்கன்னு கீழ வைக்கச் சொல்லி, பேரு வைக்கிற அடிய மறுபடி பாடினேன். மறுபடி எல்லாரும் அழுதாங்க. மொதல்ல பாடினத வுட நல்லா வந்துச்சி. அக்கா மட்டும் அப்பறம் என்னாண்ட பேசல, துக்கம்தான்.

வீடியோ அனுப்பிக்கீறேன், பாத்துக்கோ. நைனா பெருமைப்பட்டிருப்பாரு.

உன் அன்புமணி

8.6.2025
கப்பல்

அன்புமணிக்கு,

வீடியோ பாத்தேன். நைனா மூஞ்சத் தேடினேன். எவளோ ஒருத்தி முதுகுதான் தெரியுது. அப்பறம் அக்கா. கீழ வச்சி மறுபடி பாடினதும் நெஞ்சில அடிச்சிக்குது பாரு, என்னால பாக்க முடியல. பாத்ரூம்ல போயி வாந்தி எடுத்தேன். சின்ன வயசுலர்ந்து எனக்கு உசுரா இருந்த குரலு. இப்ப அதக் கேட்டா கொமட்டுது. த்தூ.

போனவரத் திரும்பக் கூப்டுற மாதிரின்னு சொன்னது நீதானே? இன்னாத்துக்குடா எங்க நைனாவத் திரும்பக் கூப்ட்ட?

காலத் தொட்டாங்கன்னு எழுதிக்கீற. தீவுலயும் தொட்டாங்க. தொட்டுட்டு என்னாண்டதான் ஈரத்துண்டு வாங்கிக் கையத் தொடச்சாங்க. அந்தத் துண்டுங்கள தோச்சவன் நான்.

நேத்து கப்பல் மறுபடி அங்க போச்சி. கரையில தென்னங்கீத்து குறுக்க கட்டியிருந்துச்சி. செத்தது பொணமா படுப்பானே, அவனோ, வேற யாரோ, தெரியல. ஒரு போட்டும் எறங்கல. பயணிங்க காச திருப்பிக் கேட்டு கத்தினாங்க. நான் மேல் தளத்துல நின்னு நைனாவுக்காக அழுதேன். அவங்க பாட்டு என் காது வரைக்கும் வரல. அது எனக்கு நிம்மதியா இருந்துச்சி.

அவங்களாண்ட ரெண்டு பாட்டு கீது. உன்னாண்ட ஒண்ணுதான் இருந்துச்சி.

ஆகஸ்ட்ல வரேன். நீ பாக்க வராத. எங்க வூட்டு வாசல்ல ஒரு தென்னங்கீத்து குறுக்க கட்டச் சொல்லி அக்காவாண்ட சொல்லிட்டேன்.

ஜெயவேல் மகன்
பகலவன்