மூடியில் எழுதிய தேதி

போர்ட்டோ, மே 20

அன்புள்ள அம்மாவுக்கு நெவெனா எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? வேலையை விட்டு நான் ஊர் சுற்றக் கிளம்பிய கோபம் குறைந்ததா?

விடுதியில் ஒரு திருட்டு. பதறாதே, போனது நீ கோபத்தோடு என் பையில் திணித்த மிளகாய்த் துவையல்தான். பொது ஃப்ரிட்ஜில் வைத்த ஜாடியில் தினமும் இரண்டு விரல் குறைந்தது. என் சந்தேகம் எனக்கு மேல்கட்டிலில் படுக்கும் லெஷெக் மீது. போலந்துக்காரன், காரணமில்லாமல் சிரிப்பவன். மற்றவர்கள் தேவாலயம் பார்க்கப் போனபோதும் தலைவலி என்று சொல்லிச் சமையலறையில் காவல் இருந்தேன். இன்று காலை அவன் ரொட்டியில் சிவப்பாகத் தடவும்போது கையைப் பிடித்துவிட்டேன்.

“வாங்க போலீஸ் மேடம், வாயையும் மோந்து பாருங்க,” என்றான்.

வரவேற்பில் இருக்கும் கிராசா மூடியைத் தூக்கிக் காட்டினாள். “பன்னெண்டாம் தேதி கிளம்புறேன்னு நீதானே எழுதி ஒட்டின? தேதி தாண்டினா எல்லாருக்கும் பொதுன்னு ஃப்ரிட்ஜ் கதவுலயே போட்டிருக்கே! இன்னைக்கு இருபது. ஏன்டி இன்னும் ஊருக்குப் போகல?”

இப்போது எல்லாரும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். பார்க்க இன்னும் இடம் பாக்கி என்றேன். ஆற்றுப் பாலத்தை மட்டும் தனியாக நான்கு முறை பார்த்தாயிற்று.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. ஒன்றைக் காணோம், லெஷெக்கை நான் இன்னும் நம்பவில்லை.

கிராசா தபாலுக்குக் கிளம்பிவிட்டாள், முடிக்கிறேன். காலி ஜாடியைக் கழுவி வைத்திருக்கிறேன். யாருக்குக் கொடுத்தாலும் ஜாடியைத் திருப்பிக் கேட்பாயே. எங்கே என் ஜாடி என்று ஒரு வரி எழுது, அம்மா. அன்றே கிளம்பிவிடுகிறேன்.

நெவெனா