ஆட்களில்லாத படம்

மானிப்பாய்,
வைகாசி, 1991

அன்புள்ள அண்ணைக்கு,

ஊரின் பழைய வீடுகளைப் பற்றி லண்டனில் நீங்கள் எழுதும் புத்தகத்துக்காக, நடுமுற்றம் வைத்த எங்கள் நாற்சார் வீட்டைப் படமெடுக்க உங்கள் நண்பர் மார்க்கண்டு வந்தார். நான் சந்தைக்குப் போயிருந்தேன்.

மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்களோடு இருக்கும் சனங்களை அவர் தெருவில் விட்டு வாசல் படலையைச் சாத்தியிருக்கிறார். “வீடு மட்டும் தெரிய வேணுமாம். அண்ணை லண்டனிலையிருந்து எழுதியிருக்கிறார்” என்றாராம்.

அந்த நேரம் பார்த்துக் குண்டு போட பொம்மர் வந்தது. பதுங்குகிற பங்கர் வளவுக்குள்ளே, சனம் வெளியே. அவர்களில் லூர்த்தம்மா தன் பச்சைக் குழந்தையை அணைத்தபடி தெருவாய்க்காலுக்குள் விழுந்து கிடந்திருக்கிறாள். குண்டு அடுத்த ஒழுங்கையில் விழுந்ததால் தப்பினார்கள்.

நான் ஓடிவந்தபோது அவள் உடம்பெல்லாம் சேறாகப் படலையடியில் நின்றாள்.

“அக்கா, படமெடுத்து முடிஞ்சுதோ? நாங்கள் உள்ளை வரலாமோ?”

அண்ணை, உங்களுக்கு வெட்கமாக இல்லையா?

எல்லாரையும் வாசலில் நிறுத்தி, மார்க்கண்டுவைக் கொண்டே இன்னொரு படம் எடுப்பித்தேன். அதைத்தான் இத்துடன் அனுப்புகிறேன். போடுவதென்றால் இதைப் போடுங்கள். இல்லாவிட்டால் இந்த வீட்டை உங்கள் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

இது எனக்குச் சீதனமாக வந்த வீடு, அண்ணை. இதற்குள் யார் இருக்கலாம் என்று நான்தான் சொல்லுவேன்.

உங்கள் தங்கை