கம்பியில் தொங்கவிட்ட பேக்கன்

மொன்டானா,
செப்டம்பர் கடைசி ஞாயிறு

அன்புள்ள டோரீனுக்கு,

நான் நலம். நீயும் நம் மகள் ஜனெல்லும் அவளுடைய இரட்டைக் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பீனிக்ஸில் இன்னும் வெயில் தணியவில்லை என்று அவள் சொன்னாள். இங்கே மலை உச்சியில் பனி விழுந்துவிட்டது. போனில் எனக்குப் பேச வராது. நான் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் அங்கே ஒரு குழந்தை அழுதுவிடுகிறது, நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். கரடி வந்தது. கோழிக்கூட்டின் பின்பலகையைப் பெயர்த்து மூன்று கோழிகளைத் தின்றுவிட்டது. மற்றவை தப்பின, உன் சாம்பல் கோழியும் பிழைத்துக்கொண்டது. ஆனால் முட்டையிடுவதில்லை, என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

பக்கத்துப் பண்ணை ஹார்லன் வந்து மின்வேலி போட்டுக் கொடுத்திருந்தான். கரடிக்கு உடம்பெல்லாம் மயிர், ஈர மூக்கில் பட்டால்தான் உறைக்கும். அதனால் எல்லோரும் செய்கிற மாதிரி நானும், அது முகர வரட்டும் என்று, கம்பியில் பேக்கன் பன்றிக்கறித் துண்டுகளைத் தொங்கவிட்டேன். முட்டை எடுக்க உள்ளே போகும்போது மின்சாரத்தை அணைத்தவன், வெளியே வந்ததும் போட மறந்துவிட்டேன். முட்டை எடுப்பது என்றைக்கு என் வேலையாக இருந்தது? கரடி பேக்கனை நிதானமாகத் தின்றுவிட்டு, அடுத்த பந்திக்குக் கூட்டுக்குள் போயிருக்கிறது.

ஹார்லன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “வெத்தலை பாக்கு வெச்சுல்ல அழைச்சிருக்கே! ஒரு வாய் காபியும் ஊத்தி வெச்சிருக்கலாமேடா ஆர்விட்” என்றான்.

வனவிலங்குத் துறையிலிருந்து வந்த டெஸ் சிரிக்கவில்லை. “குளிர்காலம் பூரா தூங்கப்போற நேரம் சார், அகோரப் பசியில இருக்கும். இன்னொரு தடவை கோழி ருசி பாத்துச்சுன்னா வீடு வீடா ஏறும், அப்புறம் நாங்க சுட்டுத்தான் ஆகணும். நீங்களும் தனியா இருக்கீங்க. கோழிங்களை யாருக்காவது குடுத்துடுங்களேன்” என்று சொன்னாள். ஹார்லனும் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னான்.

எனக்குக் கோழிகளைப் பிடிக்காது, உனக்கே தெரியும். ஆனாலும் கொடுக்க மனம் வரவில்லை. போனை எடுத்ததும் நீ முதலில் விசாரிப்பது அவற்றைத்தான். அவையும் போய்விட்டால் என்னிடம் எதைப் பற்றிக் கேட்பாய்? “அது என் பெண்டாட்டியோட கோழி, அவ வர்ற வரைக்கும் இங்கேதான் இருக்கும்” என்று டெஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். “எப்ப வர்றாங்க?” என்று கேட்டாள். ஆணி தேடுவதுபோல் கொட்டகைக்குள் போய்விட்டேன்.

பலகையை அடித்தேன். மண் காய்ந்து கிடந்தால் மின்சாரம் சரியாகப் பாயாது என்று வேலியோரம் தினமும் தண்ணீர் ஊற்றினேன். வியாழக்கிழமை பொழுது சாயும்போது கரடி மறுபடி வந்தது. நான் சமையலறை ஜன்னலில் நின்றிருந்தேன். பெரிய உருப்படி. உரிமையோடு வந்து பேக்கனை முகர்ந்தது. ஒரே அலறல்! பிளம் மரங்களுக்குள் விழுந்தடித்து ஓடிற்று. நான் கை தட்டினேன். “டோரீன், இங்கே வந்து பாரேன்!” என்று உரக்கக் கூப்பிட்டும் விட்டேன். அடுப்பில் உருளைக்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இனி அது இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது என்கிறாள் டெஸ். நல்லதுதான், அதுவும் சாகாமல் தப்பித்தது. ஆனால் அதற்குப் பிறகு கொல்லைப்புறத்தில் ஒரு காலடி கிடையாது. கரடிகூட வருவதில்லை.

ஜனெல்லுக்கு நீ வேண்டும். இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? ஒரு மாதம் என்று ஏப்ரலில் போனாய். நான் குறை சொல்லவில்லை. குழந்தைகளுக்குத் தாத்தாவின் முத்தங்கள். கர்த்தர் உங்கள் எல்லோரையும் காப்பாராக.

வேலி பின்பக்கம் மட்டும்தான் டோரீன். முன்வாசலில் ஒன்றும் போடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வந்தாலும் நேராக உள்ளே வரலாம்.

உன்,
ஆர்விட்