மண்டபத்துக்கு வெளியே ஒஸ்லோ

அடுத்த வாரக் கலியாணத்துக்காக இன்று காலை பட்டு வேட்டியை எடுத்து விரித்தேன். கரையோரத்தில் அந்த நீர்க்கறை அப்படியே இருக்கிறது. ஒஸ்லோக் கடலின் கறை. ஜெர்மனியில், டோர்ட்மண்டில் இந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச ஆளில்லை. ஆகவே உனக்கே எழுதுகிறேன்.

புலம்பெயர்ந்த நாம் எத்தனையோ நகரங்களுக்குக் கலியாணத்துக்குப் போகிறோம். பார்த்துவிட்டு வருவது மண்டபத்தை மட்டும். போன கோடையில் நீ இருந்த ஒஸ்லோவுக்கு நானும் அப்படித்தான் வந்திருந்தேன். தாலி கட்டி முடிந்ததும், சாப்பாட்டு வரிசையில் நின்ற என் கையைப் பிடித்து இழுத்தாய்.

"வா மச்சான், வெளியில போவம்."

"சாப்பிடாமலோ? அவை தேடுவினம்."

"ஓம், உன்னைத் தேடிக் கலியாணத்தை நிப்பாட்டப் போகினம்!"

வேட்டியும் சந்தனப் பொட்டுமாக ட்ராமில் துறைமுகத்துக்குப் போனோம். இசையரங்கின் வெள்ளைக் கற்கூரை கடலிலிருந்தே சரிந்து மேலேறியது. யாரும் ஏறலாம் என்றாய். அனுமதி வேண்டாமா, காவலர் அதட்டமாட்டாரா என்று கேட்டுக்கொண்டே வந்தவன், நீரோரத்தில் வழுக்கினேன்; வேட்டிக் கரை கடலில் நனைந்தது.

"பயப்பிடாதை, வெறும் வயிறு, மிதப்பாய்!" என்று சிரித்தாய்.

மேலே போனதும் நகரம் விரிந்தது. தீவுகளுக்குப் போகும் சிறு கப்பல்கள், குளிர்நீரில் குதிக்கும் இளைஞர்கள், மாலையாகியும் குறையாத வெளிச்சம். இவ்வளவு அழகான ஊரிலா இருக்கிறாய் என்றேன். நீ வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நானும் இண்டைக்குத்தான் ஏறுறன்" என்றாய். நோர்வேக்கு வந்த காலம் தொட்டு உனக்குப் பகலில் உணவகச் சமையற்கட்டு, இரவில் துப்புரவு வேலை.

மாசியில் நீ போய்விட்டாய். செத்தவீட்டில் உன் மகளிடம் நாம் அந்தக் கூரையில் ஏறியதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று உடனே பயந்தேன். அவள் அழுதாள்.

"அப்பா எங்களோட ஒருநாளும் அங்க வரேல்லை மாமா. கேட்டா வேலை எண்டுவார். நீங்கள் ஒருக்கா வாங்கோ. அவர் எங்க நிண்டவர் எண்டு காட்டுங்கோ."

அவள் பிறந்த நகரத்தை அவளுக்கு நான் காட்டுவதா? வழி தெரியாதவன்; வழி கேட்கவும் கூசுகிறவன். ஆனால் அந்தப் பின்னேரம் அவளுக்குச் சேரவேண்டியது. எப்படியோ என்னிடம் வந்துவிட்டது. என்னோடே அது போய்விடக் கூடாது.

நேற்று அவள் தொலைபேசியில் மறுபடி கேட்டபோது, "ஆனியில வாறன், பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். வைத்த பிறகுதான் எந்த ட்ராமில் போனோம் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

நீ பேசாமல் நின்ற இடம் எனக்கு நன்றாகத் தெரியும். அங்கே அவளை நிறுத்திவிட்டு, நானும் பேசாமல் இருப்பேன்.