வடை தின்ற கையும் மவுஸ் பிடித்த கையும்

செவ்வாய், இரவு

சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

தோட்டக் கிணற்று மோட்டாரைத் தானாக நிறுத்தும் மின்சுற்றின் படத்தை இன்று மாலைக்குள் முதலாளியிடம் கொடுத்தாக வேண்டியிருந்தது. கணினியில் அதன் ஒரு பகுதியைச் சற்றுத் தள்ளவேண்டும். மவுஸால் சுற்றிப் பெட்டி போட்டு இழுத்தால் பாகங்கள் மட்டும் நகர்ந்தன. கம்பிகள் பழைய இடத்திலேயே அறுந்து நின்றன. காலை முழுவதும் அவற்றை ஒட்டி ஒட்டி அழுகைதான் வந்தது.

பக்கத்து மேசை நிரோஷா ஆஞ்சநேயர் கோயில் வடையை நீட்டினாள். வலக்கை முழுக்க எண்ணெய். தின்றபடியே இடக்கையால் மவுஸைப் பிடித்தேன். பெட்டி வலமிருந்து இடமாக விழுந்தது. இழுத்தேன். ஒரு கம்பிகூட அறவில்லை, எல்லாம் நீண்டு கூடவே வந்தன!

"என்னடி செய்தனீ?" என்றாள் நிரோஷா.

"எனக்கே தெரியேல்லை. பொறு, திருப்பிச் செய்து பாப்பம்."

இடமிருந்து போட்டால் அறுந்தது, வலமிருந்து போட்டால் நீண்டது.

"அட, இவ்வளவு நாளும் கோயில் சுத்திறமாதிரி ஒரே பக்கமாத்தானே இழுத்தனாங்கள்!" என்றாள். இருவரும் சிரித்த சிரிப்பில் முதலாளி எட்டிப் பார்த்தார்.

"எப்பிடிப் பிள்ளை சரிவந்தது?"

"வடையாலை, சேர்."

அவருக்கு விளங்கவில்லை. நாளைக்கு அவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு, இடக்கையில் மவுஸைத் திணிக்கவேண்டும்.