அருவியில் இறங்க வரச் சொன்னவருக்கு

ஆரணி
மே 2004

அன்பானவருக்கு ஸ்தோத்திரம்.

சென்னையில் விசா நேர்காணல் நல்லபடி முடிந்தது. கம்பளிச் சட்டை வாங்கிவிட்டேன். பயணக் காப்பீட்டில் அருவியில் இறங்குவதும் சேருமா என்று ஏஜெண்டிடம் கேட்டேன். அதற்குத் தனியாக எடுக்க வேண்டுமாம்.

சுவிட்சர்லாந்து மலை இடுக்கில் கயிற்றைப் பிடித்து அருவியோடு இறங்கி, கீழே தேங்கிய தண்ணீரில் இருவரும் குதிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் போடும் ரப்பர் உடுப்புக்கும் ஷூவுக்கும் என் அளவு கேட்டிருந்தீர்கள்.

நீச்சல் பழக அண்ணனோடு சந்தவாசலில் பெரியப்பா கிணற்றுக்குப் போனேன். அண்ணன் என் இடுப்பில் கயிறு கட்டி, "பயப்படாத, நான் புடிச்சிகினுதான இருக்கேன்" என்றார். காலுக்குத் தரை கிடைக்காமல் போனதும் கத்திவிட்டேன். மேலே இழுத்துப் போட்டு, "மாப்பிள்ளைகிட்ட வேணாம்னு சொல்லிடும்மா" என்றார்.

அவருக்கு என்ன தெரியும்? கல்யாணமாகி ஒரு மாதம்கூட நாம் சேர்ந்து இருக்கவில்லை. நீங்கள் என்னிடம் முதன்முதலாக ஆசைப்பட்டுக் கேட்டது இது. அதனால் மறுநாளும் இறங்கினேன். படியைப் பிடித்த கையை விடவே முடியவில்லை.

டிக்கெட் எடுத்துவிடுங்கள், கட்டாயம் வருகிறேன். அருவியில் மட்டும் இறங்க மாட்டேன். நீங்கள் கரையேறும் இடத்தில் துண்டோடு நிற்கிறேன். கோபம் வந்தால் திட்டிவிடுங்கள். சென்ற மாதம் போல போனில் பேசாமல் மட்டும் இருக்காதீர்கள்.

அண்ணன் தபால் நிலையம் கிளம்புகிறார். இதை இப்போதே அவரிடம் கொடுத்துவிடுகிறேன். கையில் வைத்திருந்தால் கிழித்துவிட்டு, அளவை எழுதி அனுப்பிவிடுவேன்.

உங்கள் மனைவி